எம்பசிக்குப் போகும் கைப்பை

அம்மாவின் கைப்பை வருவதற்கு முன்பே அதன் மணம் வந்துவிடும். ஓடிக்கொலோன், தலைவலித் தைலம், அடியில் எப்போதோ ஒட்டி உருகிய இஞ்சி இனிப்பு, இவை மூன்றும் வெயிலில் காய்ந்த ரெக்சினில் ஊறிக் கிடக்கும். கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் குறுகிய ஒழுங்கையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் அம்மா கடந்து போவதைச் சொல்லிவிடலாம். பைக்குள் அடையாள அட்டை, குடியிருப்பைப் பொலிஸில் பதிந்த துண்டு, மூக்குக்கண்ணாடி, முகம் துடைக்கிற லேஞ்சி, ஒரு கொத்து சேப்டிபின், மருந்துப் பொட்டலம் போல மடித்து மடித்து வைத்த சிலிசிலிப் பொலித்தீன் பைகள். யாருக்காவது பஸ்ஸில் தலை சுற்றினால் ஓடிக்கொலோன். காய்ச்சல் என்றால் நெற்றியில் ஓடிக்கொலோன். செத்த வீட்டில் யாராவது அழுது மயங்கி விழுந்தால் அதற்கும் அதுதான். காலி வீதிச் சோதனைச் சாவடியில் அந்தப் பையைத் திறந்து மூக்கை உள்ளே விட்ட பொலிஸ்காரி ஒருத்தி தும்மத் தொடங்கி, "யன்ன அம்மே, யன்ன" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக அனுப்பி வைத்தாள். எங்கள் வீட்டில் சோதனைக்கு நிற்காமல் போகிற ஒரே ஆள் அம்மாதான்.

எனக்கு அந்த மணம் பிடிக்காது. நான் அப்போது கொள்ளுப்பிட்டியில் ஒரு பெரிய கடையில் செண்ட் விற்கிற மேசைக்குப் பின்னால் நின்றேன். மூக்குத்தான் என் தொழில். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது; இருக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

செண்ட் வாங்க வருகிறவர்களைப் போல ஒன்றும் தெரியாத கூட்டத்தை வேறெங்கும் காண முடியாது. நுகேகொடையில் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் மாதம் தவறாமல் வருவார். "சுவந்த கொச்சர வெலா தியெனவாத, மிஸ்?" என்று கேட்பார். மணம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். டோர்ச் பற்றரி வாங்குகிறவரின் கேள்வி அது. நாகரிகமான பெண்கள் வந்து மணிக்கட்டில் அடித்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்து உரசுவார்கள், சுளுக்குக்கு எண்ணெய் தேய்ப்பது மாதிரி. உரசினால் மணம் கெட்டுப்போகும் என்று சொன்னால் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். எங்கள் ஆட்களோ இன்னும் ஒரு படி மேல். அவர்கள் போத்தலைத் திறக்கவே மாட்டார்கள். பெட்டியில் கீறல் இருக்கிறதா, மேலே சுற்றிய பொலித்தீன் கிழிந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஏனென்றால் அது கலியாண வீட்டுக்குக் கொடுக்க. வாங்கினவர் இன்னொரு கலியாணத்துக்குக் கொடுப்பார். உள்ளே செண்ட் இருந்தால் என்ன, பச்சைத் தண்ணீர் இருந்தால் என்ன? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பெட்டியைச் சுற்றிக் கொடுப்பேன்.

என்னிடம் ஒரே ஒரு நல்ல செண்ட் இருந்தது. மணம் பார்ப்பதற்காகக் கடையில் திறந்து வைத்த போத்தல், அடியில் கொஞ்சம் மிஞ்சியதும் மனேஜர் எனக்குத் தந்தார். அதைப் போட்டதும் நாரத்தங்காய்த் தோலை நகத்தால் கீறியது போல ஒரு கசப்பு வரும். பஸ்ஸில் எனக்கு இடம் கிடைப்பதற்குள் அது போய்விடும். பிறகு மல்லிகை, கோயில் வாசலில் முழம் போட்டு விற்கிற மல்லிகை அல்ல, இரவு தலையில் வைத்துக் காலையில் தலையணையில் கிடக்கிற வாடல் மல்லிகை. பின்னேரம் கடையடைத்து வீடு திரும்பும்போது மணிக்கட்டில் வெட்டிவேரும் ஈர மண்ணும் மட்டும் இருக்கும். அதை நான் ஒரு சொட்டுக்கு மேல் எடுத்ததில்லை. கேட்டவர்களுக்கும் கொடுத்ததில்லை.

அண்ணா பாரிசில் இருந்தார். மீசை சரியாக அரும்பாத வயதில், பிரச்சினை பெருகத் தொடங்கியபோது போனவர். அங்கே அகதியாகப் பதிந்து, ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்தார். அகதியாகப் பதிந்தவர் இங்கே திரும்பி வர முடியாது. அம்மா அவரைப் பார்ப்பதென்றால் அம்மாதான் போக வேண்டும். அவர் யாரிடமாவது அம்மாவுக்குச் செண்ட் கொடுத்துவிடுவார். செண்டுக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு அவர் அனுப்பியவற்றை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. சீனிப்பாகில் சவர்க்காரம் கரைத்த மணம். விமானம் ஏறப்போகிற யாரோ ஒருவரிடம் காசைத் திணித்து, "ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கோ" என்று சொல்லியிருப்பார். அம்மா அவற்றை ஒருமுறை நெஞ்சோடு பிடித்துப் பார்த்துவிட்டு அலுமாரியில் அடுக்குவா. தான் பூச மாட்டா. கலியாணங்களுக்கும் கொடுக்க மாட்டா. எங்கள் ஒழுங்கையில் கைமாறாத செண்ட் அவை மட்டும்தான்.

அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது. அப்பா செத்த பிறகு அம்மாவின் தலை முழுக்க வெளுத்துப்போனது. பிறகு இரத்தத்தில் சீனி கூடிச் சீனி வருத்தம் வந்து உடம்பு பாதியாயிற்று. பல்லெல்லாம் கழற்றியாயிற்று. கட்டின பல்லைப் போட்டால் வாய் வேறு யாருடையதோ போல இருக்கும். அதன் பிறகு அம்மா அண்ணாவுக்குப் படம் அனுப்பவே இல்லை. அவர் கேட்கக் கேட்க, ஸ்டூடியோவில் சனம், மழை, நல்ல சீலை இல்லை என்று எதையாவது சொல்வா. ஒருநாள் முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தவ, நிமிராமலே என்னிடம் சொன்னா:

"இன்னும் கொஞ்சக் காலம் போனா அவனுக்கு என்னை அடையாளம் தெரியாமப் போயிடும் பிள்ளை."

அம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை விசா மறுத்திருந்தார்கள். முதல் முறை மறுத்ததும் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் ஒரே காரணம் சொன்னார்கள். அம்மா அந்தப் பையைக் கொண்டு போகவில்லையாம்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது அம்மாவின் ரெக்சின் பை அல்ல. எங்கள் தொடர்மாடியில் இரண்டாம் மாடியில் ஒரு ரீச்சர் இருந்தா. பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றும் அதட்டலில் இருந்து ஓய்வு பெறாதவ. அவவின் மகள் ஜெர்மனிக்கு விசாக் கேட்கப் போனபோது கறுப்புத் தோல் கைப்பை ஒன்றைக் கொண்டுபோனாள், கிடைத்தது. மகளின் சிநேகிதி அதே பையோடு போனாள், அவளுக்கும் கிடைத்தது. அவ்வளவுதான். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. அதற்குப் பிறகு வெள்ளவத்தையில் எந்த எம்பசிக்கு யார் போனாலும் முதல்நாள் ரீச்சர் வீட்டில் வந்து நின்றார்கள். கொட்டாஞ்சேனையில் இருந்துகூட ஒரு பெண் வந்து வாங்கிப் போனாள். விசா கிடைத்த நன்றிக்கு அந்தோனியார் சுரூபம் ஒன்றை அதற்குள் போட்டுத் திருப்பித் தந்தாள்.

பையின் பூட்டில் இரண்டு தங்க எழுத்துகள் பின்னிக்கொண்டு கிடக்கும், பெரிய கம்பெனியின் அடையாளமாம். பெரிய கம்பெனிக்காரன் எழுத்தை இவ்வளவு கோணலாகப் பின்ன மாட்டான் என்று நான் ஒருமுறை சொன்னதில் ரீச்சர் என்னோடு ஒரு வருசம் கதைக்கவில்லை, நிம்மதியாக இருந்தது. பைக்குள் இருப்பவற்றை யாரும் மாற்றக் கூடாது. விபூதிப் பொட்டலம், அந்தோனியார், ஒருவரும் திறக்காத லிப்ஸ்டிக், பிறகு ஒரு பெரிய கொத்துத் திறப்பு. அந்தத் திறப்புகள் எந்தக் கதவையும் திறக்காது, பழைய பூட்டுகளில் இருந்து சேர்த்தவை. இங்கே வீடு வாசல் உள்ள ஆள், கட்டாயம் திரும்பி வருவா என்று வெள்ளைக்காரருக்கு விளங்க வேண்டுமாம்! அதோடு ஒரு செண்ட் போத்தல். பை கைமாறும்போது ரீச்சரே தன் கையால் போகிறவரின் தோளில் ஒருதரம் அடிப்பா. விண்ணப்பக் கட்டின் மேலும் ஒருதரம் அடிப்பா. ஆண்டுக்கணக்காக மேல்நாட்டு அதிகாரிகளின் மேசைகளில் எங்கள் தொடர்மாடியின் விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே மணத்தோடு போய்ச் சேர்ந்திருக்கின்றன. அந்த மணமும் என்ன மணம்? போத்தலை யன்னல் கட்டில் வெயிலில் வைத்துவைத்து, உள்ளே இருந்தது எப்போதோ கெட்டு, புதுக் கதிரைக்குப் பூசுகிற வார்னிஷ் ஆகிவிட்டது. சொன்னேன். "உமக்கு எல்லாத்திலயும் நொட்டை" என்றா ரீச்சர்.

இரண்டாம் முறை அம்மா அந்தப் பையோடு போனா. அப்போதும் மறுத்துவிட்டார்கள். ரீச்சர் படியிறங்கி வந்து பையைத் திறந்து துருவிப் பார்த்தா. உள்ளே அம்மாவின் ஓடிக்கொலோன் போத்தல் இருந்தது. பிறகென்ன, வழக்கு முடிந்தது.

"இதென்ன வேலை? ஆஸ்பத்திரி மணம் மணக்குது. நோயாளி ஒண்டு வைத்தியத்துக்கு வருகுதெண்டு நினைச்சிருப்பினம். அடுத்த முறை இந்தச் சனியன் உள்ள இருக்கக் கூடாது."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் ரீச்சரை யாரும் வெல்ல முடியாது. அம்மா மறுபேச்சுப் பேசாமல் "ஓம் ரீச்சர்" என்றா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் முறை நான் லீவு எடுத்துக்கொண்டு அம்மாவோடு போனேன். அதற்கு முன் மாமாதான் கூட்டிப் போனவர். முதல்நாளே ரீச்சர் வந்து, ஓடிக்கொலோன் இல்லை என்று பையைக் கவிழ்த்து உறுதிப்படுத்தி, வார்னிஷை அம்மாவின் தோளிலும் காகிதங்களிலும் அடித்துவிட்டுப் போயிருந்தா. த்ரீவீல்காரர் வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

எம்பசி வாசலில் காவல்காரர் அம்மாவின் கையில் இருந்த பையை வாங்கினார். உள்ளே விடுவதற்கு முன் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. பின்னால் இருந்த தட்டில் மற்றப் பைகளோடு வைத்துவிட்டு, அம்மாவின் கையில் இலக்கம் போட்ட ஒரு வட்டத் தகட்டைக் கொடுத்தார். அம்மா காகிதங்களை மட்டும் ஒரு சிலிசிலிப் பையில் எடுத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஹெமதாம மெஹெமத?" என்று காவல்காரரைக் கேட்டேன். எப்போதும் இப்படித்தானா?

"ஹெமதாம தமய், மிஸ். பேக் எத்துலட்ட பே" என்றார். எப்போதும்தான், பை உள்ளே போகக் கூடாது. பிறகு தட்டைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "மே பேக் எக்க நம் நிதர எனவா."

இந்தப் பை அடிக்கடி வருகிறது என்கிறார்! விபூதி, அந்தோனியார், திறப்புக் கொத்து, கோணல் எழுத்து எல்லாம் இத்தனை காலம் இந்த மனிதரின் தட்டோடு நின்றிருக்கின்றன. ஒரு வெள்ளைக்காரரும் அதைக் கண்டதில்லை. நான் வீதிக்கு எதிர்ப்பக்கம், காத்து நிற்கிற மற்றச் சொந்தக்காரர்களோடு மரநிழலில் நின்று, ரீச்சருக்கு என்ன சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று சந்தோசமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அம்மா வெளியே வந்தபோது இரண்டு பக்கமும் பார்க்காமலே வீதியைக் கடந்து ஓடினேன், பொய் சொல்லக் கூடாது.

"பின்னேரம் வந்து பாஸ்போர்ட்டை எடுக்கட்டாம்," என்றா அம்மா. "விசா குத்தித் தருகினமாம்."

த்ரீவீலில் ஏறிய பிறகுதான் மற்றதைச் சொன்னா. உள்ளே தடித்த கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரி, பக்கத்தில் தமிழ் தெரிந்த பெண். மைக்கில்தான் கதை. காற்றுக்கூட அந்தக் கண்ணாடியைத் தாண்டாது. பிறகு எங்கே தோளில் அடித்த வார்னிஷ் தாண்டுவது?

"திரும்பி வருவீங்கள் எண்டதுக்கு என்ன நிச்சயம் எண்டு கேட்டவ," என்றா அம்மா.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வீட்டில ஒரு குமர் இருக்கு, வாய்க்கொழுப்பெடுத்தது. நான் இல்லாட்டி அயலட்டை முழுக்கச் சண்டை பிடிச்சு வைச்சிடும். அதுக்காக எண்டாலும் நான் வர வேணும் எண்டனான். தமிழ்ப் பிள்ளை சிரிச்சிட்டுது. பிறகு அது சொல்ல வெள்ளைக்காரியும் சிரிச்சவ."

ஆக, விசா வாங்கித் தந்தது என் வாய். இதைத் தொடர்மாடி முழுக்கச் சொல்லப் போகிறேன் என்றேன். பை வாசலோடு நின்ற கதையையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன் என்றேன். அம்மா என் தொடையில் ஒரு அடி போட்டா.

"வாயைத் திறந்தியோ தெரியும். மேல்மாடிப் பிள்ளை வாற கிழமை புருசனிட்டப் போக விசாக் கேக்கப் போறாள். பயத்தில சோறு இறங்குதில்லையாம். அந்தப் பையாவது அவளிட்ட இருக்கட்டும்."

"வாசலில வாங்கிப் போடுவாங்களே அம்மா!"

"அவள் வாசல் வரைக்கும் எண்டாலும் வந்து சேர வேணுமே."

"அப்ப போன முறையே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தனீங்கள்?"

"போயிட்டு வந்த எல்லாருக்கும் தெரியும் பிள்ளை. ரீச்சரின்ர மகளுக்கும் தெரியும். ஆர் சொன்னது?"

அறிவுள்ளவர்கள் என்று நான் நினைத்திருந்த சிலரும் அந்தப் பையைக் கொண்டு போனவர்கள்தான். ஒருத்தராவது வாய் திறக்கவில்லை. இப்படியும் ஒரு சனம் இருக்குமா? அன்று பின்னேரம் ரீச்சர் வந்து, "பாத்தீங்களே, ஓடிக்கொலோன் இல்லாமப் போன உடன கிடைச்சிட்டுது" என்று எங்கள் கதிரையில் இருந்து, எங்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொன்னா. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு குசினிக்குள் போனேன். அம்மாவுக்காக நான் செய்த தியாகங்களில் அதுதான் பெரிது.

ஆனால் ரீச்சர் சொன்னதில் ஒன்றை நான் ஒப்புக்கொண்டேன். பாரிசுக்கு ஆஸ்பத்திரி மணத்தோடு போகக் கூடாது. அம்மாவுக்கு நல்ல தோலில், எழுத்துக் கோணல் ஒன்றும் இல்லாத பை ஒன்று வாங்கினேன். பழைய ரெக்சினில் இருந்து அதற்குப் போகத் தகுந்தவற்றை நானே தெரிந்தெடுத்தேன். பாஸ்போர்ட், கண்ணாடி, சீனி வருத்தக் குளிசைகள், புது லேஞ்சி. தைலம் வேண்டாம். சிலிசிலிப் பைகள் வேண்டாம். மற்ற நாட்டில் போய் மானத்தை வாங்கும். ஓடிக்கொலோன் வேண்டவே வேண்டாம். அம்மா கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா. ஒன்றுக்கும் எதிர்ப்புச் சொல்லவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உள்ளே போகிறவர்கள் பிரிகிற இடத்தில், நான் என் போத்தலை எடுத்தேன். ஒரு சொட்டுக்கு மேல் எடுக்காத நான், அம்மாவின் இரண்டு காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் மணிக்கட்டிலும் போட்டேன். போத்தலில் பிறகு மிஞ்சியது ஈரம்தான். முழுக வார்க்கும்போது எண்ணெய் வைக்க நிற்கிற பிள்ளை போல அம்மா தலையைக் குனிந்து நின்றா.

"என்னடி இது, நாரத்தங்காயோ?"

"பொறுங்கோ. இறங்கேக்க வேற மணம் வரும். அண்ணாவும் ஒருக்கா நல்ல செண்ட் எப்பிடியிருக்கும் எண்டு பாக்கட்டும்."

அம்மா என் கையைப் பிடித்தா. கட்டின பல்லுக்குள் இருந்து குரல் சரியாக வரவில்லை.

"அவனுக்கு என்னைத் தெரியுமோ பிள்ளை?"

"விசர்க் கதை கதையாதேங்கோ. சீலை கட்டின மனுசி அங்க வேற ஆர்?"

"அங்க பார். பிளேன் முழுக்கச் சீலை கட்டின கிழவியள்தான்."

பார்த்தேன். உண்மைதான். வரிசை முழுக்க வெள்ளைத் தலைகள், நூல் சீலைகள், மகன்மாரிடம் போகிற கைப்பைகள். அம்மா உள்ளே போய்விட்டா. பக்கத்தில் நின்ற ஒருவர் மலிவு செண்ட் போட்டிருந்தார். அதைத் திட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அண்ணா வீட்டில் இருந்து தொலைபேசி வந்தது. அம்மாதான் முதலில் கதைத்தா.

"உன்ர அண்ணன் எயார்போட் வாசல்ல வந்து நிண்டவன். எங்களை எல்லாம் ஒவ்வொருத்தராப் பாக்கிறான். என்னையும் பாத்தவன். பாத்திட்டு எனக்குப் பின்னால வந்த மனுசியைப் பாக்கிறான். நான் கூப்பிடேல்லை. கூப்பிட வாய் வரேல்லை. கிட்டப் போய் நிண்டனான். அவன் அப்பிடியே மூச்சை இழுத்தவன். 'அம்மா' எண்டு கட்டிப்பிடிச்சிட்டான்."

என் நெஞ்சு பெருமையில் விம்மியது. அந்தப் போத்தலுக்கு இதைவிட என்ன மதிப்பு வேண்டும்?

"என்ர செண்டம்மா அது! மல்லிகை வந்திருக்கும் அந்நேரம்."

"உன்ர செண்டோ? அதைப் பிளேன் பாத்ரூமில சவர்க்காரம் போட்டுக் கழுவிப்போட்டன். லேசில போனதே? தேய்ச்சுத் தேய்ச்சுத் தோல் எரிஞ்சது. நல்ல சாமான்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

"அப்ப?"

"ஓடிக்கொலோனைச் சீலைத் தலைப்பில முடிஞ்சு கொண்டு வந்தனான். தைலமும்தான். இறங்கிறதுக்கு முன்னம் ரெண்டையும் நல்லாப் பூசினனான். பக்கத்துச் சீற்றில இருந்த வெள்ளைக்காரன் எழும்பிப் போயிட்டான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணா தொலைபேசியை வாங்கிவிட்டார். முடி வெளுத்து, பல்லெல்லாம் போய், பாதி உடம்பாகிப் போன எங்கள் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொன்னார்:

"தங்கச்சி, அம்மா கொஞ்சமும் மாறேல்லையடி."